ஆயாக் கொட்டகைக்கும் ஒரு டிரஸர் வேண்டும்



சென்ற முறை இந்தப் பகுதியில் எலிக் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். செம்பனைக் காட்டுக்குள் காலில் ஒன்றும் போடாமல் இறங்காதீர்கள் என்று சொன்னதற்கு, "பூட்ஸ் யார் வாங்கிக் குடுப்பாங்க டிரஸர் ஐயா?" என்று கேட்டு மூன்று கடிதங்கள் வந்தன. நியாயமான கேள்வி. மூன்றையும் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

இந்த முறை எழுதப் போகிற விஷயத்துக்கு ஊசி கிடையாது. மருந்து அலமாரியில் தேடினாலும் அனேகமாக ஒன்றும் அகப்படாது. சொல்லப் போனால் இதில் என் மீதே ஒரு குற்றம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014-ம் ஆண்டு நான் வேறொரு தோட்டத்தில் வேலையாக இருந்தேன். ஆயாக் கொட்டகையைப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. தொட்டிலைப் பார்ப்போம், தண்ணீரைப் பார்ப்போம், பால் கலக்கும் இடத்தைப் பார்ப்போம், சொறி சிரங்கு இருக்கிறதா என்று பிள்ளைகளின் கையைப் புரட்டிப் பார்ப்போம். அன்றைக்குப் போனபோது நாலு வயதுப் பையன் ஒருவனை இடுப்பில் சாரோங் துணி சுற்றி ஜன்னல் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். அவன் அழவில்லை. ஒரு பால் டின் மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது ஆடி அடங்கும் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அடங்கியதும் மறுபடி சுழற்றினான். துணி உரசிய இடத்தில் தோல் கன்றிச் சிவந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஆயாவைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. பதினாலு பிள்ளைக்கு ஒரே ஆள். கொட்டகைக்குப் பின்னால் பெரிய கால்வாய், முன்னால் குலை ஏற்றும் லாரி போகும் பாதை. அந்தப் பையன் அந்த மாதத்தில் இரண்டு தடவை லாரிப் பாதைக்கு ஓடியிருக்கிறான். "கட்டாம நான் என்னாங்க செய்யறது, சொல்லுங்க? நீங்க சொல்ற மாதிரி செய்யறேன்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கன்றின இடத்துக்கு மருந்து போட்டுவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதைவிட மோசமானது இது. அதே பையனை இரண்டு வயதில் அவன் அம்மா என்னிடம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். "ஐயா, இவன் ஒரு வார்த்தையும் பேச மாட்றான். பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்றான். ஆனா தூரத்துல லாரிச் சத்தம் கேட்டா மட்டும் ஓடி வந்து நிக்கறான்" என்றார். அந்தத் தாய் சொன்ன மூன்று வாக்கியமே போதும், படித்தவன் ஒருவன் உஷாராகியிருக்க வேண்டும். நானோ, "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசுவான்" என்று சொல்லி ஒரு வைட்டமின் பாட்டிலைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு வருஷம் வீணாய்ப் போனது. ஆயாவைச் சத்தம் போட எனக்கு என்ன யோக்கியதை?

அந்தப் பையனுக்கு இருந்தது ஆட்டிசம். தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மதி இறுகிப் போன பிள்ளை அல்ல அது. நாம் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் அதற்கு இடியாகக் கேட்கும். நாம் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது அதற்குப் புரியாது. ஒரே மாதிரி நடந்தால் நிம்மதி, மாறினால் கலவரம். இதோடு ஒட்டிப் பேசப்படும் இன்னொன்று ஏ.டி.எச்.டி. அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரும், உறவாடவும் தெரியும். ஆனால் கவனம் ஒரு இடத்தில் நிற்காது, அல்லது உடம்பு ஓரிடத்தில் நிற்காது, அல்லது இரண்டும். சில பிள்ளைகளுக்கு ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தே இருக்கும். இரண்டுமே பிறவியோடு வரும் மூளை வளர்ச்சியின் வேறுபாடு.

லயத்தில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கண்ணேறு என்பார்கள், சேட்டை என்பார்கள். தாய்க்காரி பிள்ளையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள், அதனால்தான் இப்படி என்பார்கள். இந்தக் கடைசிப் பேச்சு நம் லயத்தில் மட்டும் பிறந்ததல்ல. அமெரிக்காவில் புருனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் 1967-ல் புத்தகமே போட்டு, தாயிடம் பாசம் இல்லாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று பழி சுமத்தினார். படித்த தாய்மார்கள் அங்கே பல வருஷம் அழுதார்கள். அது தவறென்று அப்புறம் தெளிவாகிவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-ல் லண்டனிலிருந்து ஒரு டாக்டர் கிளப்பிவிட்டார். அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போகிற தாய்மார்களே, உங்கள் மீது குற்றமில்லை. ஊசி போட்டதும் குற்றமில்லை, தொடர்ந்து போடுங்கள்.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். அந்த வருஷமே அவனை அரசாங்கக் கிளினிக்குக்கு எழுதி அனுப்பினேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. காத்திருந்து, காத்திருந்து, டாக்டர் பார்த்துப் பெயர் வைத்தார். ஓ.கே.யு. அட்டைக்கு மனு போட்டோம். (அந்த அட்டையில் ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் 'கற்றல் குறைபாடு' என்ற வகையில் வரும். அட்டை எடுத்தால் பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவு செய்யச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை; ஆனால் உதவித்தொகை, பள்ளிக்கூடம் என்று பிறகு கேட்கப் போகும்போது அட்டை இருந்தால் பாதி வாதம் மிச்சம்.) மாதத்திற்கு ஒரு தடவை பயிற்சி சிகிச்சைக்கு வரச் சொன்னார்கள். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ். அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். பஸ் ஹாரன் சத்தத்துக்குப் பையன் கத்துவான், ஏறினவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரப் பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போது இருட்டிவிடும்.

இங்கேதான் என் வாதம். மாதத்தில் ஒரு மணி நேரம் பட்டணத்தில். மிச்சம் இருக்கிற நேரம் முழுக்க ஆயாவிடமும் அம்மாவிடமும். அந்த ஒரு மணி நேரத்தில் நிபுணர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கொட்டகையில் கம்பியில் கட்டி வைத்தால் என்ன பயன்? தனியாரிடம் போகலாம் என்றால், ஒரு மணி நேரத்துக்கு நூறு வெள்ளி கேட்ட இடத்தை எனக்குத் தெரியும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025-ல்தான் ஆனது. வாரத்துக்கு நாலு மணி நேரம் அனுப்பினால் மாதச் சம்பளமே அங்கே போய்விடும். அரிசி யார் வாங்குவது?

மேல்நாட்டில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். நடத்தைப் பயிற்சி உதவியாளர் என்று ஒரு வேலை. அமெரிக்காவில் 2014-ல் அதற்கென்று ஒரு சான்றிதழே கொண்டுவந்தார்கள். இடைநிலைப் பள்ளி முடித்தவர், 18 வயது ஆனவர், 40 மணி நேரப் பாடம் படித்து, பிள்ளையோடு வேலை செய்து காட்டி, பரீட்சையும் எழுதித் தேற வேண்டும். திட்டம் போடுவது பெரிய படிப்புப் படித்த நிபுணர். நாள்தோறும் பிள்ளையோடு உட்கார்ந்து அதைச் செய்வது இந்த உதவியாளர். நிபுணரின் மேற்பார்வை இல்லாமல் அவர் வேலை செய்யக் கூடாது. 2023 முதல் சில நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சான்றிதழ் என்று ஆக்கிவிட்டார்கள். நம் நாடு அதில் இல்லை. போகட்டும். நமக்குச் சான்றிதழா முக்கியம்? ஏற்பாடுதான் முக்கியம்.

யோசித்துப் பாருங்கள், இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா? உங்கள் டிரஸர் யார்? நான் டாக்டர் இல்லை. இடைநிலைப் பள்ளி படித்துவிட்டு, பயிற்சி எடுத்துக்கொண்டு, 1965-ம் ஆண்டு தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டவன். வருகை டாக்டர் வந்து பார்க்கிறார், என் பதிவேட்டைப் புரட்டுகிறார், தவறு செய்தால் காதைத் திருகுகிறார். ஒவ்வொரு தோட்டத்திலும் டாக்டர் உட்கார முடியாது என்பதால் வந்த ஏற்பாடு இது. வெட்டுக் காயத்துக்கும் பிரசவ வலிக்கும் இது போதுமென்று நம்பி நடத்தி வந்தோம். அப்படியிருக்க, பேசாத பிள்ளைக்கு மட்டும் ஏன் எல்லாமே பட்டணத்தில் இருக்க வேண்டும்?

அந்த ஆயா கேட்ட கேள்வியை நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். பயிற்சி கொடுத்த அம்மையார் ஒரு மலாய்ப் பெண்மணி, பொறுமைசாலி. "அந்த ஆயாவையே ஒரு நாள் கூட்டி வாருங்களேன்" என்றார். ஆயாவுக்குத் தெரிந்தது பசார் மலாய். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அந்த அம்மையார் முதலில் கேட்டது, பையன் காதில் எந்த மொழி விழுகிறது என்றுதான். தமிழ் என்றதும், சொல்லிக் கொடுப்பதும் தமிழிலேயே இருக்கட்டும் என்றார். பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போட்டார். பையன் கடித்தால், ஓடினால், தலையை முட்டிக்கொண்டால் எழுத வேண்டியது: அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே நாம் என்ன செய்தோம். அவ்வளவுதான்.

ஆயா நாலாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவர். எழுத்துக் கோணலாக இருக்கும், ஆனால் எழுதினார். இரண்டு வாரம் கழித்து நானும் அவரும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடித்ததெல்லாம் காலை பத்து மணியை ஒட்டியே இருந்தது. பத்து மணிக்கு என்ன? பிள்ளைகளைப் பாலுக்குக் கூப்பிட ஆயா தட்டைக் கரண்டியால் தட்டுவார்! அந்தச் சத்தம் அவனுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் யார் இருந்தாலும் கடித்துவிட்டு ஓடினான். ஓடுவதும் லாரியைப் பார்க்கவா, சத்தத்திலிருந்து தப்பிக்கவா என்று அன்றைக்குத்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. ஆயா தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். "இத்தன நாளா நானே அவன ஓட விட்டுட்டுக் கட்டியும் வச்சிருக்கேனே."

தட்டுவது நின்றது. அதற்குப் பதில் பையனிடம் கப்பை முதலில் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். அப்புறம் மைலோ டின்னிலிருந்த படத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, அதை எடுத்து ஆயா கையில் கொடுத்தால் உடனே மைலோ கிடைக்கும் என்று பழக்கினோம். முதல் நாள் அவன் கையைப் பிடித்து எடுக்க வைத்தோம். மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று அவனாகவே எடுத்துக் கொடுக்க. அந்த நாளில் ஆயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துப் பெட்டியோடு ஓடினேன்! கேட்கத் தெரியாமல்தான் அவன் கத்தினான், கடித்தான். கேட்க ஒரு வழி கிடைத்ததும் கடிப்பது குறைந்தது. அறவே நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன். ஜன்னல் கம்பியில் கட்டுவது மட்டும் அறவே நின்றது. கொட்டகைக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்ததில் தோட்ட நிர்வாகத்துக்கு ஆன செலவு ஒரு அரை நாள் தச்சு வேலை.

ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கும் இதே புத்திதான், சாமான் வேறு. ஒரு நேரத்தில் ஒரு சின்ன வேலை. முடித்த மறு நிமிஷம் பாராட்டு, சாயங்காலம் அல்ல. உட்கார வைத்து உட்கார வைத்துக் குட்டுவதை விட்டு நடுநடுவே ஓட விடுவது. மாத்திரை சில பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருகிறது, ஆனால் அது நிபுணர் பார்த்துத் தர வேண்டியது. சின்ன வயதில் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி என்கிறார்கள். "ராத்திரி ஒரு தூக்க மருந்து குடுங்க ஐயா, ஆடாம இருப்பான்" என்று சளி மருந்தைக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்சி என்று நான் சொல்வதைத் தப்பாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த முறையை வளர்த்தவர்களில் ஒருவரான லோவாஸ் என்ற அமெரிக்கர் 1987-ல் ஒரு பெரிய ஆராய்ச்சியை வெளியிட்டார். வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்ற பிள்ளைகளைப் போல ஆனார்கள் என்றார். உலகமே வியந்தது. அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன என்பதைப் பலர் சேர்த்துச் சொல்வதில்லை. அப்படிப் பயிற்சி பெற்று வளர்ந்த ஆட்டிசக்காரர்களே இன்று எழுந்து, எங்களை நாய்க்குட்டி போலப் பழக்கினார்கள் என்று பேசுகிறார்கள். கண்ணைப் பார், கண்ணைப் பார் என்று தாடையைப் பிடித்துத் திருப்புவது, கையை ஆட்டினால் கையில் அடிப்பது, இதெல்லாம் வேண்டாம். கை ஆடினால் யாருக்கு என்ன நட்டம்? மூடியைச் சுழற்றினால் சுழற்றட்டுமே. பிள்ளைக்குத் தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிய வேண்டும், லாரிக்கு அடியில் போகாமல் இருக்க வேண்டும், சாப்பிட, கழுவ, சட்டை போடத் தெரிய வேண்டும். அதற்குத்தான் ஆள் தேவை. மேற்பார்வை இல்லாமல் 40 மணி நேரம் படித்தவரைத் தனியாக விட்டால், வருகை டாக்டர் இல்லாத டிரஸர் மாதிரி ஆகிவிடும். எனக்கு என் ஜாதியைப் பற்றி நன்றாகவே தெரியும்.

"ஆயாவுக்கு இதெல்லாம் வருமா?" என்று ஒரு கிராணி என்னிடம் சிரித்தார். கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி நடத்தினார்கள், 2016-ல் வெளிவந்தது. வீடு தேடிப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியர்கள். பெற்றோர் பிள்ளையோடு பழகும் விதம் மாறியது. பிள்ளைகள் தாங்களாகவே தொடர்பு கொள்வது கூடியது. எல்லா அளவிலும் முன்னேற்றம் வந்தது என்று அவர்களும் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கென்று 9 கூட்டுப் பாடங்களும் 3 வீட்டு வருகைகளும் கொண்ட பயிற்சியைத் தயாரித்து 2022-ல் எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டிருக்கிறது. நிபுணர் அல்லாதவர் நடத்துவதற்காகவே செய்தது அது. நம் நாட்டிலும் சமூக மறுவாழ்வு நிலையம், பி.டி.கே. என்கிறோமே, அது 1984-ல் திரெங்கானுவில் ஆரம்பித்ததே ஊர்க்காரர்களைப் பழக்கி ஊரிலேயே செய்வது என்ற எண்ணத்தில்தான். ஆனால் தோட்டத்திலிருந்து பி.டி.கே.க்கு எத்தனை மைல், யார் கொண்டுபோய் விடுவது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே சங்கத்திடம் நான் கேட்பது, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதையும் மேசையில் வைக்க வேண்டும் என்பது. சம்பளம், போனஸ், வீடு எல்லாம் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். குழந்தைக் காப்பகத்தைப் பற்றி 1990-ம் ஆண்டு வீடமைப்பு வசதிச் சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் நாம் ஒன்றும் தர்மம் கேட்கவில்லை. காப்பகத்தில் இருக்கிற ஆயாவுக்குச் சம்பளத்தோடு பயிற்சி நாள் வேண்டும். பயிற்சி தமிழில் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரி நிபுணர் ஒருவர் நோட்டைப் பார்க்க ஏற்பாடு வேண்டும். பழகிய ஆயாவுக்குக் கையில் ஒரு சான்றும் சம்பளத்தில் ஒரு படியும் வேண்டும். இல்லாவிட்டால் பழகின கையோடு பட்டணத்துப் பாலர் பள்ளிக்குப் போய்விடுவார், யார் தடுக்க முடியும்?

"இப்ப தோட்டத்துல பிள்ளைங்க எங்க இருக்கு, எல்லாரும் தாமானுக்குப் போயாச்சு" என்பார்கள். உண்மைதான், குறைந்துவிட்டது. சரி, நாலு தோட்டத்துக்கு ஒருவராக வையுங்கள். பிள்ளை குறைந்திருக்கிறது என்பதற்காக இருக்கிற பிள்ளையைக் கட்டி வைக்க முடியுமா?

பெற்றோருக்கும் ஒன்று. அரசாங்கக் கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். மிஸி அவசரப்படுத்துகிறார் என்று எல்லாவற்றுக்கும் 'ஆமா' போட்டுவிட்டு வராதீர்கள். விரல் நீட்டிக் காட்டுகிறதா, பேர் சொன்னால் திரும்புகிறதா என்று வீட்டில் பார்த்துவிட்டுப் போங்கள். சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள். டிரஸர் வைட்டமின் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, அப்புறமும் கேளுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது பதினைந்து வயது தாண்டிவிட்டது. இடைநிலைப் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் இருக்கிறான். சில சொற்கள் பேசுவான். லாரிகளின் நம்பரெல்லாம் மனப்பாடம். அவன் அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார், தனக்குப் பின் இவனுக்கு யார் என்ற கவலையோடு. ஆயா ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

இப்போது நான் இருக்கும் தோட்டத்தில் ஆயா வேறொருவர், இளம்பெண். போன மாதம் கொட்டகைக்குப் போனபோது இரண்டே முக்கால் வயதுப் பெண் பிள்ளை ஒன்று கதவோரமாக நின்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தது. "புடிச்சா கத்துது, உட்டா முட்டுது. நான் என்னாங்க ஐயா செய்யறது?" என்று அவரும் கேட்டார். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருப்பது ஐந்து மாதம் கழித்து. அதற்குள் வருகிற கிளைக் கூட்டத்துக்கு அந்தக் கேள்வியோடு அவரையே வரச் சொல்லியிருக்கிறேன்.